ஊருக்கோர் இணைய மனை



மாலை வேளையில் ஊர் வாசிகசாலைக்குள் நுழைந்து பார்த்தவர்கள் இக்காட்சியை அறிவார்கள். ஒருவர் பத்திரிகையின் முதற்பக்கத்தை வாசித்துக்கொண்டிருப்பார். அவர் எப்போது எழுவார் என்று மற்றொருவர் நடுப்பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். சுவரிலே மரண அறிவித்தல் ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதன் அருகே கோயில் திருவிழாவின் உபயகாரர் பட்டியல் தொங்கும். சிரமதானத்துக்கு வருமாறு சனசமூக நிலையம் விடுத்த வேண்டுகோளும் அங்கேதான் இருக்கும். ஊர்ச்செய்தி ஊருக்குத் தெரிய அந்த ஒரு சுவரே போதுமாயிருந்த காலம் ஒன்றிருந்தது.

இன்று அந்தச் சுவர் போதாது. ஊரவரிற் பலர் ஊரில் இல்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் கொழும்பிலும் அவர்கள் வாழ்கிறார்கள். ஊரிலே ஒரு பெரியவர் கண்ணை மூடினால் அச்செய்தி அன்றிரவே அவர்களுக்கு எட்ட வேண்டும். தேர்த்திருவிழாவின் நிழற்படங்களை அவர்களுடைய பிள்ளைகள் பார்க்க வேண்டும். இந்தத் தேவையிலிருந்தே நம் கிராமங்கள் பலவற்றுக்கும், பழைய மாணவர் சங்கங்களுக்கும், கோயில்களுக்கும் இணையத்தளங்கள் தோன்றின. அத்தகைய சிறிய பொதுத்தளம் ஒன்றை எங்கே, எந்த ஏற்பாட்டில் குடியிருத்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஹோஸ்டிங் என்று வழங்கும் சேவை இதுவேயாகும். இதனை விற்போர் பலர். திட்டங்களோ அவர்களினும் பல. எதைத் தெரிவது என்று சங்கத்துக் காரியதரிசி மயங்குவது இயல்பே.

முதலில், நான் அறிந்த ஒரு கிராமத்திலே நிகழ்ந்ததைக் கூறுகிறேன். அவ்வூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கே தொழில் பார்த்துக்கொண்டே, ஊர்ப்பற்றினால் ஓர் இணையத்தளத்தை அமைத்தார். எவரிடமும் ஒரு சதமும் கேட்கவில்லை. தளத்தின் பெயரைத் தம் பெயரிற் பதிந்தார். வாடகையைத் தம் வங்கி அட்டையினாற் கட்டினார். கடவுச்சொற்களைத் தம் மனத்திலே வைத்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் அத்தளம் சிறப்பாக நடைபெற்றது. பின்னர் அவர் நோயுற்று இறந்தார். அவரது இரங்கற் குறிப்பும் அத்தளத்திலே வெளிவரவில்லை. அதனை அதிலே ஏற்றக்கூடியவர் அவர் ஒருவரே. சில மாதங்களில் அட்டை காலாவதியாயிற்று. பணம் கட்டுமாறு வந்த கடிதங்கள் யாவும் எவரும் திறக்காத ஒரு மின்னஞ்சற் பெட்டியிலே குவிந்தன. ஒருநாள் தளம் மறைந்தது. இன்னும் சில மாதங்களில் அதே பெயரை எவரோ வாங்கி அங்கே சூதாட்ட விளம்பரத்தை இட்டார். ஊர்ப் பெயரைத் தட்டியவர்களின் முன்னே சீட்டாட்டப் படம் வந்து நின்றது.

போனவை எவை என்று எண்ணிப் பார்த்தபோதுதான் ஊரவர் திகைத்தனர். பன்னிரண்டு ஆண்டுத் திருவிழாப் படங்கள் போயின. மரண அறிவித்தல்கள் போயின. அவற்றிலேதான் குடும்பங்களின் உறவுமுறைகள் முறையாக எழுதப்பட்டிருந்தன. ஊர்க்குளம் எவ்வாறு வெட்டப்பட்டது, யார் யார் மண் சுமந்தார்கள் என்று எண்பது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி சொல்ல, ஒரு மாணவி எழுதிய கட்டுரையும் போயிற்று. அம்மூதாட்டியும் அப்போது உயிரோடில்லை.

பின்பு புதிய தளம் அமைப்பதற்காகக் கூட்டம் கூடிற்று. இளைஞர் ஒருவர் பல நிறுவனங்களின் திட்டங்களை அட்டவணையாக எழுதி வந்து, இடவசதி இவ்வளவு, வேகம் இவ்வளவு, விலை இவ்வளவு என்று வாசித்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, வீடு சின்னனா இருந்தாலும் பறவாயில்லை, உறுதி எங்கடை பேரிலை இருக்கவேணும்." இளைஞர் சற்று நின்று, "ஓம் மாஸ்ரர், அதை நான் யோசிக்கேல்லை" என்றார். காணி வாங்கும்போது நம்மவர் கைக்கொள்ளும் இந்த எச்சரிக்கையை இணையத்தளம் வாங்கும்போது ஏனோ மறந்துவிடுகிறோம்.

ஓர் இணையத்தளத்திலே மூன்று பகுதிகள் உள்ளன. அவற்றைப் பிரித்து விளங்கிக்கொண்டாற் பாதி மயக்கம் தீரும். முதலாவது பெயர். தளத்தைத் தேடி வருவோர் தட்டும் முகவரி அது. ஆள்களப் பெயர் என்பர். இரண்டாவது மனை. நம் பக்கங்களை வைத்திருந்து, கேட்பவர்க்குக் கேட்ட கணத்திலே எடுத்துக் கொடுக்கும் கணினி அது. சேவர் என்றும் வழங்கி என்றும் கூறுவர். மூன்றாவது பொருள். நாம் எழுதிய எழுத்தும், எடுத்த படமும், பதிந்த குரலும் அதில் அடங்கும். ஹோஸ்டிங் என்று நாம் வாங்குவது இரண்டாவதாகிய மனையை மட்டுமே. அதுவும் வாங்குவதன்று, வாடகைக்கு எடுப்பது. பெயரும் பொருளும் நம்முடையவை. அவை என்றும் நம்முடையவையாகவே இருத்தல் வேண்டும்.

வழங்கி என்பது இரவு பகலாக விழித்திருக்க வேண்டிய கணினி. உலகின் முதலாவது வலை வழங்கி, 1990ஆம் ஆண்டின் இறுதியிலே, ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் இயங்கத் தொடங்கிற்று. அதனை அமைத்தவர் ரிம் பேர்னேஸ்-லீ என்னும் ஆங்கிலேய அறிஞர். அவர் மேசைமேலிருந்த கணினியே வழங்கியாகவும் இருந்தது. தற்செயலாக எவரும் அதனை நிறுத்திவிடக் கூடாதென்று, 'இது ஒரு வழங்கி, மின்னை நிறுத்த வேண்டாம்' என்னும் பொருள்பட, சிவப்பு மையினாற் கையெழுத்திட்ட ஒரு தாள் அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. இன்று நாம் கொடுக்கும் வாடகையின் சாரமும் அந்தத் தாளிலே அடங்கியுள்ளது. கணினி நில்லாதிருக்கும்படி ஒருவர் காவல் இருப்பதற்கே நாம் பணம் செலுத்துகிறோம்.

முதலிற் பெயரைக் கவனிப்போம். நம் நாட்டுக்குரிய 'எல்கே' என்னும் ஈறு 1990ஆம் ஆண்டிலே உலகப் பெயர்ப் பதிவில் இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டு முதல், 'இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரிகளுக்கும் வழி பிறந்தது. உலகப் பொதுவான 'கொம்', 'ஓர்க்' போன்ற ஈறுகளும் உள்ளன. எதைத் தெரிந்தாலும், பதிவிலே உரிமையாளர் என்ற இடத்திற் சங்கத்தின் பெயரே இருத்தல் வேண்டும். தளத்தை அமைத்துக் கொடுப்பவரின் பெயர் அங்கே இருத்தலாகாது. அவர் எவ்வளவு நல்லவராயினும் ஆகாது. மேலே நான் கூறிய இளைஞரினும் நல்லவர் யார்?

இன்னொரு நுட்பமும் உண்டு. பெயரைப் புதுப்பிக்குமாறு நினைவூட்டும் கடிதம் ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு வரும். அம்முகவரி அதே தளத்தின் பெயரில் அமைந்திருந்தால், பெயர் காலாவதியாகும் நாளிலே மின்னஞ்சலும் நின்றுவிடும். வீட்டுச் சாவியை வீட்டுக்குள்ளே வைத்துக் கதவைப் பூட்டியது போலாகும். ஆதலால் அது வேறோரிடத்து மின்னஞ்சலாகவும், தனி ஒருவருடையதாகாது காரியதரிசியும் பொருளாளரும் சேர்ந்து பார்ப்பதாகவும் இருக்கட்டும். 'கொம்', 'ஓர்க்' ஆகிய ஈறுகளை உடைய பெயர்களுக்கு, காலாவதியாகிப் பதிவிலிருந்து நீக்கப்பட்ட பின்னரும் 30 நாள் மீட்புத் தவணை உண்டு. அத்தவணையிலே மீட்பதற்குக் கட்டணம் பன்மடங்காகும். தவணையும் கடந்தால், அப்பெயர் முதலில் வந்து கேட்பவருக்கு உரியதாகும்.

பெயரைப் பதியும் நிறுவனமும் மனையை வாடகைக்குத் தரும் நிறுவனமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பல நிறுவனங்கள் மனை வாங்கினாற் பெயர் ஓராண்டுக்கு இலவசம் என்று அழைக்கின்றன. அது குற்றமன்று. ஆயினும், பின்னர் மனையை மாற்ற விரும்பினாற் பெயரையும் கொண்டு செல்ல முடியுமா, அதற்குரிய வழி என்ன என்று முன்னரே கேட்டறிதல் நன்று. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைத்தால், ஓரிடத்திற் பிணக்கு ஏற்பட்டாலும் மற்றது கைவிட்டுப் போகாது.

இனி மனைக்கு வருவோம். வாடகை மனைகளைப் பெரும்பாலும் மூன்று வகையாகக் கொள்ளலாம். முதல்வகை பகிர்வு மனை. ஒரே வளவிற் பல குடும்பங்கள் குடியிருந்து ஒரே கிணற்றில் அள்ளுவது போல, ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். ஒருவர் நீர்ப்பம்பு வைத்து இறைத்தால் மற்றவர்க்கு நீர் குறையும். ஆயினும் வாடகை மலிவு. கணினியைப் பராமரிக்கும் பொறுப்பும் நிறுவனத்தையே சாரும். இரண்டாம் வகை மெய்நிகர்த் தனிமனை. அதே கணினியில் நமக்கென்று ஒரு பங்கு வேலியடைத்துத் தரப்படும். அங்கே பூட்டும் திறப்பும் நம்முடையவை. பழுது பார்ப்பதும் பெரும்பாலும் நம் பொறுப்பே. அதற்குத் தேர்ச்சியுள்ள ஒருவர் என்றும் வேண்டும். மூன்றாம் வகை முழுக் கணினியையும் நமக்கே எடுப்பது. ஊர்ச்சங்கம் ஒன்றுக்கு அது தேவைப்படாது.

நமக்கு எவ்வளவு இடம் தேவை? இதைக் கணக்கிடுவது கடினமன்று. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் இந்தப் பேச்சு முழுவதையும் தமிழிலே தட்டெழுதி வைத்தால் ஏறக்குறைய 60 கிலோபைட் இடம் பிடிக்கும். கைபேசியில் எடுத்த ஒரு நிழற்படமோ 3 மெகாபைட் ஆகலாம். அதாவது, ஐம்பது பேச்சுகளுக்குப் போதுமான இடத்தை ஒரே படம் விழுங்கிவிடுகிறது. ஆதலால் இடவசதி என்பது பெரும்பாலும் படங்களின் கணக்கே. ஆயிரம் படங்களை அப்படியே ஏற்றினால் 3 ஜிகாபைட் வேண்டும். திரையிற் பார்ப்பதற்குப் போதுமான அளவுக்குச் சுருக்கி, படமொன்று 300 கிலோபைட் ஆக்கினால், அதே ஆயிரம் படங்களும் 300 மெகாபைட்டில் அடங்கும். நிகழ்படங்களைத் தளத்தில் வைக்காது, அதற்கென்றே உள்ள யூரியூப் போன்ற இடத்தில் வைத்து, இணைப்பை மட்டும் கொடுத்தல் சிக்கனமாகும். அவற்றின் மூலப்பிரதி சங்கத்தின் கையில் இருக்க வேண்டுமென்பதை மட்டும் மறத்தலாகாது.

போக்குவரத்தும் அவ்வாறே. நாளொன்றுக்கு நூறுபேர் வந்து, ஒவ்வொருவரும் மூன்று பக்கம் பார்த்து, பக்கமொன்று 2 மெகாபைட் எடையுள்ளதாயின், நாளுக்கு 600 மெகாபைட். மாதத்துக்கு 18 ஜிகாபைட். தேர்த்திருவிழா நாளில் இரண்டாயிரம் பேர் வந்தால் அன்று ஒரு நாளிலே 12 ஜிகாபைட் ஆகும். ஆகவே மாதச் சராசரியை மட்டும் பாராது, திருவிழா நாளையும் மனத்திற்கொண்டு பேச வேண்டும். இவ்வளவையும் மலிவான பகிர்வு மனையே பெரும்பாலும் தாங்கும். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அதிலே ஒரு தையல் இயந்திரத்தை வைக்க வேண்டியதில்லை.

'எல்லையற்ற இடம், எல்லையற்ற போக்குவரத்து' என்னும் விளம்பரத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். எந்தக் கணினிக்கும் எல்லையுண்டு. அவ்விளம்பரத்தின் அடியிலே உள்ள நிபந்தனைகளை வாசித்தால், கோப்புகளின் எண்ணிக்கைக்கு ஓர் எல்லையும், ஒரே வேளையில் எடுக்கக்கூடிய கணிப்பு வலுவுக்கு ஓர் எல்லையும் இருப்பதைக் காணலாம். ஐம்பது ஜிகாபைட் என்று தெளிவாகச் சொல்பவரின் சொல், எல்லையில்லை என்பவரின் சொல்லைவிட நம்பத்தக்கது.

அடுத்தது விலை. முதலாண்டு விலையையும் புதுப்பிக்கும் விலையையும் தனித்தனியே கேளுங்கள். முதலாண்டு மூவாயிரம் ரூபாவுக்குத் தந்து, இரண்டாம் ஆண்டிலே ஒன்பதாயிரம் கேட்கும் ஏற்பாடுகளும் உண்டு. சங்கத்தின் வரவுசெலவு ஆண்டுதோறும் வருவது. ஆகையால் ஐந்தாண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பதே முறை.

நம் நாட்டவர் இன்னொன்றையும் எண்ண வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களின் வாடகை டொலரிலே குறிக்கப்படும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்தது. சில மாதங்களிலே 360 ரூபா வரை ஏறிற்று. ஆண்டுக்கு 60 டொலர் கட்டும் சங்கமொன்றுக்கு 12,000 ரூபாவாக இருந்த செலவு 21,600 ரூபாவாயிற்று. நிறுவனம் ஒரு சதமும் கூட்டவில்லை. கூடியது நம் பக்கத்திலேதான். ரூபாவிற் கட்டணம் பெறும் உள்நாட்டு நிறுவனத்தைத் தெரிந்தால், பற்றுச்சீட்டும் கணக்குப் பரிசோதனையும் இலகுவாகும். வெளிநாட்டு நிறுவனமே வேண்டுமாயின், அங்கேயுள்ள கிளைச் சங்கம் அந்தப் பொறுப்பை ஏற்று, அதனைத் தன் கூட்ட அறிக்கையிலே பதிந்து வைக்கட்டும். தனியாள் ஒருவரின் அட்டையில் மட்டும் தொங்கவிடுதல் ஆகாது.

மனை எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்றும் சிலர் கேட்பர். கண்ணாடி இழையினூடே ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர்; இலண்டன் ஏறக்குறைய 8,700 கிலோமீற்றர். போய்த் திரும்பும் நேரம் நேர்கோட்டுக் கணக்கின்படி முன்னதற்கு 27 மில்லிநொடி, பின்னதற்கு 87 மில்லிநொடி. ஒரு பக்கம் திறப்பதற்கு இப்போக்குவரத்துப் பலமுறை நிகழ்வதால் வேறுபாடு சிறிது தெரியும். எனினும், சுருக்காத பத்துப் படங்களை ஒரு பக்கத்தில் இடுவதால் வரும் தாமதம் இதனினும் மிகப் பெரிது. வாசகர் எங்கே மிகுதியோ அந்தத் திசையிலே மனையைத் தெரியுங்கள். அதற்குமேல் இதிற் கவலைப்பட வேண்டியதில்லை.

நூற்றுக்கு 99.9 பங்கு நேரமும் இயங்கும் என்று நிறுவனங்கள் உறுதி கூறும். முப்பது நாள் மாதத்திலே அது 43 நிமிட நிறுத்தத்துக்கு இடங்கொடுக்கிறது. 99 பங்கு என்றாலோ 7 மணித்தியாலமும் 12 நிமிடமும் ஆகும். ஊர்த்தளம் ஒன்று 43 நிமிடம் நின்றால் எவருக்கும் நட்டமில்லை. நின்ற வேளையிலே நாம் எழுதும் கடிதத்துக்கு ஒரு மனிதர் பதில் எழுதுவாரா என்பதே பெரிது. பணம் கட்டுவதற்கு முன்னரே ஒரு கேள்வி எழுதி அனுப்பிப் பாருங்கள். விடை எத்தனை நாளில் வருகிறது, கேட்டதற்கு விடையாக இருக்கிறதா என்பவை நிறுவனத்தின் குணத்தைக் காட்டிவிடும்.

தளத்துக்கும் வாசகருக்கும் இடையே செல்லும் செய்தியைப் பிறர் பாராதவாறு மறைக்கும் சான்றிதழ் ஒன்று இக்காலத்தில் இன்றியமையாதது. அதற்கென்று தனிக்கட்டணம் கேட்டால், ஏன் என்று கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, லெற்ஸ் என்கிரிப்ற் என்னும் இலாபநோக்கற்ற அமைப்பு அச்சான்றிதழை இலவசமாகவே வழங்கி வருகிறது. நல்ல நிறுவனங்கள் அதனைத் தாமே பொருத்தித் தருகின்றன.

வேர்ட்பிரஸ் போன்ற மென்பொருளால் அமைத்த தளம், வாசகர் கேட்கும்போதே தரவுத்தளத்திலிருந்து எடுத்துப் பக்கத்தை ஆக்கிக் கொடுக்கிறது. எழுதுவதற்கு அது வசதியானது. ஆனால் அம்மென்பொருளையும் அதன் இணைப்புகளையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். கவனியாது விட்டாற் கள்வர் நுழைவர். முன்கூட்டியே ஆக்கி வைத்த பக்கங்களை அப்படியே எடுத்துக் கொடுக்கும் நிலைத்தளத்தில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. மாதம் இரண்டு அறிவித்தலும் ஆண்டுக்கு நான்கு படத்தொகுப்பும் இடுகின்ற சங்கத்துக்கு நிலைத்தளமே போதுமானதாக இருக்கலாம். எதை ஆள்வதற்கு நம்மிடம் ஆள் இருக்கிறதோ அதையே தெரிதல் வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு, இலவசமாக இடந்தருவோர் இருக்கிறார்களே, முகநூல் இருக்கிறதே என்று கேட்பாரும் உளர். அவற்றால் அன்றாடச் செய்தி பரவுவது உண்மை. அவற்றைப் படலையில் ஒட்டும் அறிவித்தலாகக் கொள்ளலாம், பெட்டகமாகக் கொள்ளலாகாது. 1994ஆம் ஆண்டு தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்னும் இலவச மனையிலே உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் தம் பக்கங்களை அமைத்தனர். 1999ஆம் ஆண்டு அதனை யாஹூ நிறுவனம் வாங்கிற்று. 2009ஆம் ஆண்டு ஒக்ரோபரிலே அது மூடப்பட்டது. சப்பானியப் பிரிவு மட்டும் 2019 வரை நீடித்தது. தன்னார்வலர் சிலர் விரைந்து படியெடுத்தவை மிஞ்சின. வாடகை வாங்காத வீட்டுக்காரருக்குக் குடியிருப்பவரிடம் கடப்பாடும் இல்லை.

மூன்றாவது, பொருள். இங்கேதான் எல்லாவற்றுக்கும் மேலான அக்கறை தேவை. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் நாள், பிரான்சிலே ஸ்ற்றாஸ்பூர்க் நகரில், ஐரோப்பாவின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் தரவு நிலையம் தீப்பற்றிற்று. ஒரு கட்டடம் முற்றாக அழிந்தது. காப்புப்பிரதியை வேறோர் ஊரில் வைத்திருந்தவர்கள் சில நாளிலே மீண்டனர். அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுட் பலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

இதை நமக்குப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. அச்சிட்ட நூல்களுட் பல வேறெங்கோ இருந்தன. அவற்றை மீண்டும் தேடிப் பெறலாம். வேறெங்கும் படியில்லாத ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் மீளவில்லை. ஒன்றே ஒன்றாக, ஓரிடத்திலே இருக்கும் பொருள், அந்த இடத்தின் கதியையே அடையும். 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம், நம் நூல்களையும் சஞ்சிகைகளையும் படியெடுத்து எவரும் பெறத் திறந்து வைத்திருப்பதன் பயனை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

ஆதலால், திட்டம் தெரியும்போது இதைக் கேளுங்கள்: முழுத்தளத்தையும், படங்களோடும் தரவுத்தளத்தோடும், நாங்களே படியெடுத்து இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாதென்றால், வேறு எத்தனை சிறப்பிருந்தாலும் அத்திட்டம் வேண்டாம். முடியுமென்றால், மாதம் ஒருமுறை இறக்குங்கள். ஒரு படி வாசிகசாலைக் கணினியிலும், ஒரு படி வெளியூரில் உள்ள உறுப்பினரிடத்தும் இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறை அப்படியைத் திறந்து பார்த்து, தமிழெழுத்துச் சரியாகத் தெரிகிறதா என்றும் நோக்குங்கள். தரவுத்தளம் ஒருங்குறியில் அமையாவிட்டால், இடம் மாற்றும்போது தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாக மாறிவிடுவதுண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டெழுதியவை இருந்தால் அவற்றையும் ஒருங்குறிக்கு மாற்றிவிடுதல் நன்று.

கடைசியாக, ஆள். பெயர், மனை, பொருள் ஆகிய மூன்றுக்கும் உரிய கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, சங்கத்துப் பெட்டகத்தில் வையுங்கள். மூவர் அதனை அறிந்திருக்கட்டும். அவர்களுள் ஒருவரேனும் ஊரிலும் ஒருவரேனும் வெளியிலும் இருக்கட்டும். ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது, தளத்தின் பெயர் எந்நாள் வரை செல்லும், வாடகை எந்நாள் வரை கட்டப்பட்டுள்ளது, கடைசிப் படி எப்போது எடுக்கப்பட்டது என்னும் மூன்றையும் வாசிக்கட்டும். நிருவாக சபை மாறும்போது சாவிக்கொத்தோடு அவ்வுறையும் கைமாறட்டும்.

நான் முதலிற் கூறிய கிராமத்தார் இவ்வாறே செய்தனர். பெயரைச் சங்கத்தின் பெயரிலே புதிதாகப் பதிந்தார்கள்; பழைய பெயர் கிடைக்கவில்லை. ஆகச் சிறிய பகிர்வு மனையொன்றைத் தெரிந்தார்கள். உலகத் தளங்களைப் படியெடுத்துக் காக்கும் இன்ரநெற் ஆர்க்கைவ் என்னும் அமைப்பின் சேமிப்பிலே, அவர்களின் பழைய பக்கங்கள் சில அகப்பட்டன. படங்களிற் பல இல்லை. குளம் வெட்டிய கதை இருந்தது. மூதாட்டியின் படம் இல்லை. கதையை அவர்கள் முதல்வேலையாகப் புதிய தளத்தில் ஏற்றி, அதன் கீழே, மூதாட்டியின் படம் எவரிடமேனும் இருந்தால் அனுப்பி உதவுமாறு ஒரு வேண்டுகோளை இட்டார்கள். மூன்று கிழமை கழித்து, கனடாவிலிருந்து பேத்தி ஒருத்தி, திருமண வீடொன்றில் எடுத்த பழைய படமொன்றை அனுப்பினாள். அதன் படியொன்று இப்போது வாசிகசாலைச் சுவரிலும் தொங்குகிறது.

உங்கள் சங்கத்துக்கு ஒரு தளம் இருக்குமாயின், இன்றிரவே காரியதரிசியிடம் ஒன்று கேளுங்கள்: உறுதி யார் பெயரில் இருக்கிறது?